கடனை அடைக்கக் கணவனும் மனைவியுமாக வீட்டுச் செலவைக் குறைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை வில்லாபுரத்தில் வாடகை வீட்டில் வசிக்கும் எங்கள் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் 2,95,000 ரூபாய் கடன் இருந்தது. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் என் கணவரின் சம்பளம் 22,000 ரூபாய். தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் சம்பளம் 14,000 ரூபாய். இரண்டரை ஆண்டுகளில் அந்தக் கடன் முழுவதையும் அடைத்தோம். அதன்பின் உறவினர்களும், அக்கம்பக்கத்துப் பெண்களும், உடன் வேலை பார்ப்பவர்களும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், எங்களுக்குத் தெரிந்த வரையிலான பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எதிலிருந்து தொடங்க வேண்டும்?

செலவிலிருந்து அல்ல, கடனிலிருந்து தொடங்க வேண்டும். யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி என்ற நான்கு விவரங்களையும் இருவரும் தனித்தனித் தாளில் எழுதி, பிறகு மாற்றிக்கொண்டு படிக்க வேண்டும். இப்படித் தனித்தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, மகளின் பழைய கட்டுரை நோட்டில் இருந்து இரண்டு தாள்களைக் கிழித்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்தோம். அவர் தாளில் எனக்குத் தெரியாத கிரெடிட் கார்டு பாக்கி 45,000 ரூபாய் இருந்தது. “நீ சங்கடப்படுவன்னுதான் சொல்லல” என்றார். என் தாளை அவரிடம் கொடுக்கும்போது எனக்கும் கை நடுங்கியது. ஏனென்றால் என் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக நான் எடுத்த குழுக்கடனில் 40,000 ரூபாய் பாக்கி இருந்ததும், மாதம் 2,600 ரூபாய் தவணையை வீட்டுச் செலவுக்குள் மறைத்துக் கட்டி வந்ததும் அவருக்குத் தெரியாது.

அன்றிரவு நாங்கள் சண்டை போடவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த இரண்டு தாள்களும் இல்லாமல் நாங்கள் எவ்வளவு மிச்சம் பிடித்திருந்தாலும் அது வெளியே தெரியாத ஓட்டை வழியாகப் போய்க்கொண்டேதான் இருந்திருக்கும். மற்ற இரண்டு கடன்களும் இருவருக்கும் தெரிந்தவை: கணவர் தெரிந்தவரிடம் மூன்று வட்டிக்கு வாங்கிய 1,50,000 ரூபாய், அவருடைய அக்கா வீட்டுக்காரரிடம் கைமாற்றாக வாங்கிய 60,000 ரூபாய்.

கேள்வி: எந்தக் கடனை முதலில் அடைக்க வேண்டும்?

வட்டி அதிகமானதை முதலில் அடைக்க வேண்டும். நம் பேச்சுவழக்கில் “ஒரு வட்டி” என்றால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 12 சதவீதம். “மூன்று வட்டி” என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். மாதக்கணக்கில் சொல்லும்போது சிறியதாகக் காதில் விழுவதால்தான் பலரும் ஏமாந்துபோகிறோம். எங்கள் 1,50,000 ரூபாய்க்கு மாதம் 4,500 ரூபாய் வட்டி மட்டுமே போனது. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. கிரெடிட் கார்டு அதைவிட மோசம். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் மீதிக்கு மாதம் ஏறத்தாழ மூன்றரை வட்டி விழும் கார்டு அது.

கைமாற்றுக்கு வட்டி இல்லை என்பதற்காக அதைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம் என்று கணக்கு சொல்லும். நான் அதை ஏற்கவில்லை. மாதம் 1,000 ரூபாய் என்று அக்கா வீட்டுக்காரரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதி கொடுத்தோம். தீபாவளி போனஸ் வந்தபோது மொத்தமாகக் கொடுத்தோம். தொகை சிறியதாக இருந்தாலும் தேதி தவறாமல் வந்ததால் அந்த வீட்டு விசேஷங்களுக்கு நாங்கள் தலை நிமிர்ந்து போக முடிந்தது.

கேள்வி: நகையை வங்கியில் அடகு வைத்துத் தனியார் கடனை அடைப்பது சரியா?

வட்டி வித்தியாசம் பெரிதாக இருந்து, திருப்புவதற்கான வருமானமும் இருந்தால் சரி என்பதே என் கருத்து. என் நான்கு பவுன் வளையல்களை வங்கியில் வைத்து 1,50,000 ரூபாய் வாங்கி, மூன்று வட்டிக் கடனை ஒரே நாளில் முடித்தோம். வங்கியில் ஆண்டு வட்டி 10 சதவீதம். மாதத்துக்கு 1,250 ரூபாய். முன்பு கட்டிய 4,500 ரூபாயோடு ஒப்பிட்டால் மாதம் 3,250 ரூபாய் கையில் நின்றது. ஓர் ஆண்டு முழுவதும் நான் மளிகைச் சாமானில் இறுக்கிப் பிடித்தாலும் மாதத்துக்கு இவ்வளவு வந்திருக்காது.

இதில் ஆபத்து ஒன்று உண்டு. நகைக்கடனுக்கு மாதத் தவணை இல்லாமல் இருந்தால், ஆண்டு முடிவில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடத் தோன்றும். கெடு தாண்டினால் நகை ஏலத்துக்குப் போகும். ஆகவே மிச்சமான 3,250 ரூபாயையும் வேறெதற்கும் தொடாமல் அதே வங்கிக் கணக்கில் அசலுக்கு வரவு வைத்துக்கொண்டே வந்தோம். அடகு ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். நகையை வைத்துக் கிடைக்கும் பணத்தில் கொஞ்சத்தை வீட்டுச் செலவுக்கு எடுப்பதாக இருந்தால் தயவுசெய்து அடகுக்கடை வாசலையே மிதிக்காதீர்கள்.

கேள்வி: தண்டல் வாங்கியிருக்கிறோம். தினமும் 100 ரூபாய்தானே, பெரிய சுமையாகத் தெரியவில்லையே?

10,000 ரூபாய்த் தண்டல் என்று சொல்லி, 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, நாள்தோறும் 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிப்பது நம் பக்கத்தில் பரவலான முறை. 1,500 ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலும் திரும்பிக்கொண்டிருப்பதால், அந்த 8,500 ரூபாய் முழுவதும் 100 நாளும் நம்மிடம் இருப்பதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது ஏறத்தாழப் பத்து வட்டி. ஆண்டுக்கு 120 சதவீதம். வேறு எந்தக் கடனையும் தொடும் முன் இதை முடித்துவிட்டு, மறுதண்டல் எடுக்காமல் நிறுத்த வேண்டும்.

கேள்வி: மகளிர் குழுக்கடன் தவணையைச் சில மாதம் நிறுத்திவைக்கலாமா?

கூடாது. நீங்கள் கட்டாவிட்டால் அந்த நெருக்கடி குழுவில் உள்ள பக்கத்து வீட்டுப் பெண்களின் தலையில் விழும். அதே நேரம், ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்குத் தரப்படும், குழுக்கடன் போன்ற நுண்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் வகுத்த விதிகளைத் தெரிந்துகொள்வது நல்லது. எல்லாக் கடனுக்குமான மாதத் தவணைகள் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி நுண்கடன் தரக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வரக் கூடாது. எங்கள் குடும்ப வருமானம் அந்த வரம்பைத் தாண்டியதாகவே இருந்தது. ஆனாலும் முன்கூட்டி அடைக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்ததில், கடைசி ஐந்து தவணைகளை ஒன்றாகக் கட்டி முடிக்க ஒப்புக்கொண்டார்கள்.

கேள்வி: மளிகை, காய்கறிச் செலவை எப்படிக் குறைத்தீர்கள்?

ரேஷன் கடையை மதிக்கத் தொடங்கியதுதான் முதல் மாற்றம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் அங்கே கிடைக்கும்போது, வரிசையில் நிற்கச் சோம்பல்பட்டு வெளியே பல மடங்கு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். ரேஷன் அரிசியில் சோறு பிடிக்காதவர்கள்கூட அதை இட்லி, தோசை மாவுக்குப் போடலாம். உளுந்து சரியாக இருந்தால் தோசை நன்றாகவே முறுகுகிறது. பாக்கெட் மாவு வாங்குவதை அடியோடு நிறுத்தினோம். ஆவின் பச்சை பாக்கெட்டில் இருந்து விலை குறைந்த நீல பாக்கெட்டுக்கு மாறினோம். முதல் வாரம் காபி தண்ணீராக இருக்கிறது என்றார்கள், பிறகு பழகிவிட்டது.

மாத மளிகையைக் கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் வாங்கினால் மிச்சம் உண்டு. ஆனால் பட்டியல் எழுதிக்கொண்டு போனால் மட்டுமே அந்த மிச்சம் நிற்கும். விலை குறைவாக இருக்கிறதே என்று இரண்டு கிலோ முந்திரி வாங்கி வந்தால் அது செலவுதான். காய்கறிக்கு உழவர் சந்தை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று நம் மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. எங்களுக்குப் பழங்காநத்தம் சந்தை பக்கம். அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பதால் பேரம் பேசத் தெரியாதவர்களும் ஏமாற மாட்டார்கள். வாரம் இருமுறை காலையில் கட்டைப்பையோடு போய் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கறியை நாங்கள் நிறுத்தவில்லை. ஒரு கிலோவை அரைக் கிலோவாக்கி, குழம்பில் உருளைக்கிழங்கைச் சேர்த்தோம். வாரத்துக்கு மூன்று இரவு பரோட்டா பார்சல் வாங்கிய பழக்கத்தை மாதத்துக்கு இரண்டு இரவு என்று ஆக்கினோம். முற்றிலும் நிறுத்தியிருந்தால் மூன்றாம் மாதமே பழைய நிலைக்குத் திரும்பியிருப்போம் என்று உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: சில்லறைச் செலவுகளைக் குறைப்பதா, பெரிய செலவுகளைக் குறைப்பதா?

பெரியவற்றை முதலில். வீட்டில் இரண்டு வண்டிகள் இருந்தன. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. நான் வேலைக்குப் போகும் வழியில் அந்தப் பேருந்து ஓடுகிறது. ஸ்கூட்டரை 32,000 ரூபாய்க்கு விற்று, அன்றைக்கே கிரெடிட் கார்டு பாக்கிக்குக் கட்டினோம். பெட்ரோலில் மாதம் 1,600 ரூபாய் மிச்சமானது. காலையில் இருபது நிமிடம் முன்னதாகக் கிளம்ப வேண்டியிருந்தது என்பதைத் தவிர எனக்கு வேறு இழப்பு இல்லை. இந்த ஒரு முடிவு, தினமும் டீ குடிப்பதா வேண்டாமா என்று ஓராண்டு முழுக்கச் செய்யும் வாக்குவாதத்தைவிட அதிகமாகப் பலன் தந்தது.

கேள்வி: கரண்ட் பில்?

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்ற கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், கீழ்ப்படியில் குறைந்த விலைக்குக் கணக்கிடப்பட்ட யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலை விழுகிறது. கணக்கெடுத்து முப்பது நாள் ஆனதும் மீட்டரைப் பார்த்து, 250 யூனிட்டைத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் குறைத்துக்கொள்வோம். சித்திரை வெயிலில் மதுரையில் ஏசி இல்லாமல் பிள்ளைகளைத் தூங்கவைப்பது கடினம் என்பதால் இரவில் மூன்று மணி நேரம் ஓடவிட்டு, பிறகு மின்விசிறிக்கு மாறினோம்.

கேள்வி: விசேஷ வீடுகளுக்கு மொய், சீர் என்று செய்யும் செய்முறைச் செலவை என்ன செய்வது? போகாமல் இருக்க முடியாதே?

மதுரைப் பக்கத்தில் கடனைப் பற்றிப் பேசுகிற எவரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. தை, வைகாசி, ஆவணி வந்துவிட்டால் கல்யாணம், காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, வீடு குடிபோவது என்று பத்திரிகைகள் வந்துகொண்டே இருக்கும். எங்கள் கடன் காலத்துக்கு முந்தைய ஆண்டில் இருவர் பக்கமும் சேர்த்து 31 பத்திரிகைகள் வந்தன. மொய், சீர், போய் வரும் செலவு, அதற்கென எடுத்த சேலை எல்லாம் கூட்டிப் பார்த்தபோது 46,000 ரூபாய் ஆகியிருந்தது. எங்கள் இருவரின் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். அதில் ஒரு பகுதியைத்தான் எனக்குத் தெரியாமல் அவர் கிரெடிட் கார்டில் தேய்த்திருந்தார்.

மொய் அன்பளிப்பு அல்ல, கொடுக்கல் வாங்கல். இதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டால்தான் வழி பிறக்கும். எங்கள் மகளின் காதணி விழா மொய் நோட்டைப் பரணிலிருந்து இறக்கி, ஒவ்வொரு பெயரையும் ஊரையும் தொகையையும் வரி வரியாகப் படித்தோம். மண்டபத்தில் உட்கார்ந்து எழுதியவரின் அவசர எழுத்தில் “செக்கானூரணி”, “501” என்றெல்லாம் இருந்த வரிகளைப் பென்சிலால் மூன்றாகப் பிரித்தோம். நமக்கு வைத்து, நாம் இன்னும் திருப்பி வைக்காதவர்கள் முதல் வகை. அவர்கள் பணம் நம் கையில் இருக்கிறது; அது கடன்; அதைக் குறைக்கக் கூடாது. அந்தத் தொகையையும் எங்கள் கடன் நோட்டில் சேர்த்தோம். ஆனால் வாங்கியதற்கு மேல் கூட்டி வைக்கும் வழக்கத்தை நிறுத்தி, வாங்கிய அளவையே வைத்தோம். நாம் ஏற்கெனவே வைத்து, அவர்கள் இன்னும் திருப்பாதவர்கள் இரண்டாம் வகை. அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு மறுபடியும் பெரிய தொகை வைக்கத் தேவையில்லை. நேரில் போய், பந்தியில் இரண்டு மணி நேரம் பரிமாறிவிட்டு வந்தோம். புதிதாகப் பழகியவர்கள் மூன்றாம் வகை. அவர்களுக்கு 200 ரூபாய். மாதம் 1,500 ரூபாயைத் தனி டப்பாவில் போட்டு, செய்முறை எல்லாவற்றையும் அதற்குள் மட்டுமே செய்தோம்.

தாய்மாமன் சீர் வேறு விஷயம். கணவரின் அக்கா மகள் பெரிய மனுஷியானபோது, மேளதாளம், வெடி, நூறு தட்டு என்று ஊர் எதிர்பார்த்தது. அதற்காக மறுபடியும் வட்டிக்கு வாங்கத்தான் அவர் மனம் முதலில் ஓடியது. விழாவுக்கு ஒரு மாதம் முன்பே இருவரும் உசிலம்பட்டிக்குப் போய் அக்காவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னோம். “அக்கா, உனக்குத் தலைகுனிவு வந்துருமோன்னு பயமா இருக்கு” என்று இவர் சொன்னதும், “தட்டையா நான் எண்ணப் போறேன் தம்பி? மாமன்னு நீ வந்து மாலை போட்டாப் போதும்” என்று அக்கா இவர் கையைப் பிடித்துக்கொண்டார். பட்டுச்சேலையும் 11 தட்டுமாக 14,000 ரூபாயில் சீர் முடிந்தது. சிலர் பேசினார்கள்; அக்காவே அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டார். விழா நாளன்று சொல்லியிருந்தால் அது அவமானமாகியிருக்கும். முன்கூட்டியே சொன்னதால் அவரும் எங்கள் பக்கம் நின்றார்.

கடனை அடைக்க நாமே ஒரு விசேஷம் வைத்து மொய் வாங்கலாமே என்றும் கேட்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. மண்டபம், சாப்பாடு, பத்திரிகை போக மிஞ்சும் தொகை வட்டியில்லாக் கடனாக ஐம்பது அறுபது வீடுகளுக்குப் பிரிந்து நிற்கும். நம்மால் தேர்ந்தெடுக்க முடியாத தேதிகளில் அது திரும்பக் கேட்கும்.

கேள்வி: தீபாவளி, ஆடித் தள்ளுபடி?

பிள்ளைகளுக்கு மட்டும் விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளில் துணி எடுத்தோம். எங்களுக்கு இரண்டு தீபாவளி எடுக்கவில்லை. ஆடித் தள்ளுபடி காலத்தில் கடைவீதிக்கே போகவில்லை.

கேள்வி: ஒருவர் சிக்கனமாக இருக்க, இன்னொருவர் செலவு செய்தால் என்ன செய்வது?

இருவருக்கும் கேள்வி கேட்கப்படாத கைச்செலவு வேண்டும். ஆளுக்கு மாதம் 500 ரூபாய் ஒதுக்கினோம். அவர் அதில் ஜிகர்தண்டா குடித்தாரா, நான் பூ வாங்கினேனா என்று யாரும் கேட்பதில்லை. மற்ற எல்லாம் ஒரே வங்கிக் கணக்கில் இருந்து மட்டும் போனதால், மாதக் கடைசியில் அந்தக் கணக்கின் யூபிஐ பட்டியலே செலவு நோட்டாகிவிட்டது. ஆண் சம்பாதிக்க, பெண் சிக்கனம் பிடிக்க வேண்டும் என்ற பிரிவினையில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் கையாலும் ரேஷன் வாங்கப்பட்ட மாதங்களில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் குறைந்தது.

செலவின் காரணம் குடியாக இருந்தால், இந்தப் பட்ஜெட்டுகள் எதுவும் உதவாது. அது நோய், அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் குடிப்பவரை அழைத்துப் போவதுதான் முதல் வேலை.

கேள்வி: சீட்டு எடுத்துக் கடனை அடைக்கலாமா?

பதிவு பெற்ற சீட்டாக இருந்து, சீட்டை ஏலத்தில் எடுக்க நீங்கள் விட்டுக்கொடுக்கும் தள்ளுத் தொகை உங்கள் கடன் வட்டியைவிடக் குறைவாக இருந்தால் யோசிக்கலாம். 1982ஆம் ஆண்டின் சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவு செய்யாமல், தெருவில் ஒருவர் பிடிக்கும் சீட்டை நம்பி இறங்க வேண்டாம்.

கேள்வி: எல்லாவற்றையும் கடனுக்கே கட்டிவிட்டால் அவசரத்துக்கு என்ன செய்வது?

10,000 ரூபாயை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்ட பிறகே கூடுதல் தவணைகளைக் கட்டத் தொடங்கினோம். மகனுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தபோது அதிலிருந்து 6,000 ரூபாய் எடுத்தோம். புதிய கடன் எதுவும் வாங்கவில்லை.

கேள்வி: வட்டிக்காரர் வீட்டுக்கு வந்து மிரட்டுகிறார். என்ன வழி?

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்ற பெயர்களில் அளவுக்கு மீறி வட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கடன் வாங்கியவர் தர வேண்டிய தொகையை நீதிமன்றத்தில் கட்டவும் அதில் வழி இருக்கிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். பயத்தில் இன்னொருவரிடம் வாங்கி இவரிடம் கட்டுவதுதான் பலரையும் அழித்திருக்கிறது. புகார் கொடுப்பது மானக்கேடு என்று எண்ணாதீர்கள்; அவர் செய்வதுதான் குற்றம்.

கேள்வி: கடன் முடிந்த அன்று எதையெதைத் திரும்ப வாங்க வேண்டும்?

கையெழுத்திட்ட புரோநோட்டு (கடன் உறுதிச் சீட்டு), கொடுத்துவைத்த வெற்றுக் காசோலை, பத்திர நகல் எல்லாவற்றையும் பணம் கொடுக்கும் அதே நேரத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நாளை தருகிறேன் என்றால், பணத்தையும் நாளைக்கே கொடுங்கள். எங்களிடம் மூன்று வட்டிக்குக் கொடுத்தவர் புரோநோட்டைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். நாங்கள் பணப்பையோடு அவர் வீட்டுத் திண்ணையிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பீரோவுக்குள் இருந்து அது வந்த பிறகுதான் பணத்தை எண்ணிக் கொடுத்தோம். வங்கி, குழுக்கடன், கிரெடிட் கார்டுக்குப் பாக்கியில்லை என்ற சான்றிதழை எழுத்தில் வாங்க வேண்டும். சில மாதம் கழித்து, நம் கடன் வரலாற்றைக் காட்டும், ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் சிபில் அறிக்கையை எடுத்து, அந்தக் கணக்குகள் முடிந்ததாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வங்கியில் நகையைத் திருப்பும்போது ரசீதில் எழுதியுள்ள எடையை அங்கேயே நிறுத்துச் சரிபார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். நானும் நான்கு வளையல்களையும் தராசில் வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, அங்கேயே கையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினேன்.